கிளி ஆடுவதெல்லாம் ஆட்டமல்ல

எங்கள் வீட்டில் ஒரு காக்கட்டீல் கிளி இருக்கிறது. பெயர் மிளகு. சாம்பல் நிற உடல், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் மடக்கி விரிக்கும் கொண்டை. வயது மூன்று. எடை 92 கிராம். தோராயமாகச் சொல்லவில்லை. தினமும் காலையில், தீனி வைப்பதற்கு முன்பு, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து எழுதி வைக்கிறோம். கிளியை எதற்குத் தினமும் நிறுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கான பதில்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான் கிளி வளர்ப்பது தெரிந்த நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் எனப் பலரும் எனக்குக் காணொளி அனுப்புவார்கள். ஐந்து விநாடி, பத்து விநாடி ஓடும் சிறு காணொளிகள். “தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கிறது, என்ன ஆச்சு?” “கழுத்தைப் பாம்பு மாதிரி நெளிக்கிறது.” “தூங்குவதற்கு முன்பு பல்லைக் கடிக்கிற சத்தம் வருகிறது. கிளிக்கு ஏது பல்?” இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு “ஒன்றுமில்லை, போய்ப் படி” என்று பதில் அனுப்பிவிடலாம். சிலவற்றுக்கு மட்டும் “இப்போதே மருத்துவரைக் கூப்பிடு” என்று எழுத வேண்டியிருக்கும். இரண்டு வகையும் கைப்பேசித் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். சிக்கலே அதுதான்.

கிளியின் அசைவுக்குப் பொருள் சொல்வதில் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. கிளி கூண்டைவிட்டு வெளியே வந்து ஒரு சீட்டை எடுத்தால் அதில் நம் கல்யாணமும் வேலையும் இருக்கும். 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது லிட்டில் இந்தியாவைச் சேர்ந்த மணி என்ற கிளி உலகச் செய்திகளில் அடிபட்டது வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இறுதியாட்டத்துக்கு அது நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது. கிண்ணத்தை வென்றது ஸ்பெயின். மணியைக் குறைசொல்ல முடியாது. சீட்டு எடுத்தால் தானியம் கிடைக்கும் என்பதுதான் கிளிக்குத் தெரியும். மீதியெல்லாம் நாம் ஏற்றிவைத்த பொருள். வீட்டுக் கிளியிடமும் இதையேதான் செய்கிறோம். தலையாட்டினால் “ஆமாம் சொல்கிறது” என்கிறோம். சிறகை விரித்தால் “கட்டிப்பிடிக்கக் கூப்பிடுகிறது” என்கிறோம்.

பார்த்தால் பயம், உண்மையில் சுகம்

பயமுறுத்தும் ஆனால் ஆபத்தில்லாத அசைவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கிளி வாங்கியவர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை இவைதான்.

அந்தப் பல்கடிக்கும் சத்தம், மேல் அலகையும் கீழ் அலகையும் ஒன்றோடொன்று தேய்ப்பதால் வருவது. வயிறு நிறைந்து, அறை அமைதியாகி, கண் சொக்கும் நேரத்தில் கிளி இதைச் செய்யும். மிளகு இப்படித் தேய்க்க ஆரம்பித்தால் இன்னும் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடும் என்று அர்த்தம். பெரும்பாலும் ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி தூங்கும். விழுந்துவிடுமோ என்று தம்பி முதல் வாரம் முழுக்கக் கூண்டருகே காவல் இருந்தான். பறவை உட்கார்ந்து காலை மடக்கும்போது காலின் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே குச்சியை இறுக்கிப் பிடிக்கும். தூக்கத்தில் பிடி தளராது.

கழுத்தை நெளித்து, வாயை அகலத் திறந்து கொட்டாவிபோல் இரண்டு மூன்று முறை செய்வதும் அப்படித்தான். கிளிக்குத் தொண்டைக்குக் கீழே, சாப்பிட்டதைச் சேர்த்து வைக்கும் ஒரு பை இருக்கிறது. அதில் தானியம் சரியாக இறங்காவிட்டால் கழுத்தை வளைத்துச் சரிசெய்துகொள்ளும். உண்மையான கொட்டாவியும் விடும். பட்ஜெரிகார் கிளிகளிடம் கொட்டாவி ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வகுப்பறையின் கடைசி வரிசை நினைவுக்கு வரலாம்.

இறகு முழுவதையும் சிலிர்த்து, ஈர நாய் உதறுவதுபோல் ஒரு முறை உதறிவிட்டு அடங்குவது சோம்பல் முறிப்பது. ஒரு பக்கச் சிறகையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டுவது உடற்பயிற்சி. வாலை இடமும் வலமும் விசுக்கென்று இரண்டு முறை ஆட்டுவது, ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் அடையாளம். இடம் வலம் என்ற சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வால் அசையும் திசை பிறகு முக்கியமாக வரும்.

காக்கட்டீலின் கொண்டை ஒரு தனிப் பாடம். விறைத்து நேராக நின்றால் ஏதோ ஒன்று திடுக்கிட வைத்திருக்கிறது. பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி. மண்டையோடு ஒட்டப் படிந்து, கூடவே சீறலும் வந்தால் கையை நீட்டாதீர்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, அமேசான் கிளி போன்ற பெரிய கிளிகளில் கண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணின் நடுவிலுள்ள கருவட்டம் சட்டுச் சட்டென்று சுருங்கி விரியும். வெளிச்சம் மாறாமலே இது நடக்கும். மிகுந்த மகிழ்ச்சியிலும் இப்படிச் செய்யும், கடிப்பதற்கு முந்திய விநாடியிலும் இப்படிச் செய்யும். எது என்பதை வால் விரிந்திருக்கிறதா, பிடரி இறகு எழுந்திருக்கிறதா என்று மற்ற உறுப்புகளைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

தலையாட்டலும் அதுபோலவே. குஞ்சாக இருந்தால் பசிக்குக் கெஞ்சும் அசைவு. வளர்ந்த ஆண் கிளி தலையை ஆட்டி, விழுங்கியதை மேலே கொண்டுவந்து கண்ணாடிக்கோ உங்கள் விரலுக்கோ ஊட்டப் பார்த்தால், அது காதல். கிளி இனத்தில் ஆண் தன் இணைக்கு அப்படித்தான் ஊட்டும். ஆனால் தலையைச் சுழற்றி உதறி, கக்கியது நாலா பக்கமும் தெறித்துத் தலை இறகில் ஒட்டியிருந்தால் அது வாந்தி. ஒன்று குறிபார்த்துக் கொடுப்பது, மற்றொன்று கட்டுப்பாடில்லாமல் தெறிப்பது. இரண்டிலும் ஆடுவது தலைதான்.

கிளி உண்மையிலேயே நடனமாடுவதும் உண்டு. அமெரிக்காவில் ஸ்னோபால் என்ற காக்கட்டூவை அறிவியலாளர்கள் ஆராய்ந்து, பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலும் அது அதற்கேற்பத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்கிறது என்று 2009ல் எழுதினார்கள். பத்தாண்டு கழித்து வந்த இன்னொரு கட்டுரையில், அது 14 வகை அசைவுகளைச் செய்வதாகக் கணக்கிட்டிருந்தார்கள். யாரும் சொல்லித் தந்தவை அல்ல. அதனால் “கிளி ஆடுகிறது” என்று ஒருவர் சொன்னால் அதை உடனே மறுக்க முடியாது. பாட்டை நிறுத்திப் பாருங்கள். பாட்டு நின்ற பிறகும் அதே தாளத்தில் அசைவு தொடர்ந்தால் யோசிக்க வேண்டும்.

மேலும் கீழும்

இனி வாலுக்கு வருகிறேன். குச்சியில் சும்மா உட்கார்ந்திருக்கும் கிளியின் வால், ஒவ்வொரு மூச்சுக்கும் பம்பு அடிப்பதுபோல் மேலும் கீழும் ஏறி இறங்கினால் அது மூச்சுவிடச் சிரமப்படுகிறது என்று பொருள்.

ஏன் வால்? நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது இறங்கினால் நுரையீரல் விரியும், காற்று உள்ளே வரும். பறவைக்கு அப்படி ஒரு தசை இல்லை. அதன் நுரையீரலும் நம்முடையதுபோல் பெரிதாக விரிந்து சுருங்குவதில்லை. பெரும்பாலான பறவைகளின் உடலுக்குள் ஒன்பது காற்றுப் பைகள் இருக்கின்றன. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசையும்போது இந்தப் பைகள் துருத்திபோல் வேலைசெய்து, நுரையீரல் வழியே காற்றை ஒரே திசையில் தள்ளும். உயரத்தில் பறக்கும்போதும் போதிய பிராணவாயு கிடைக்க இது உதவுகிறது. (கிளியை உடலைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கக்கூடாது என்பதும் இதனால்தான். மூக்கு திறந்திருந்தாலும் மார்பு அசையாவிட்டால் மூச்சு நின்றுவிடும்.) சாதாரண நேரத்தில் இந்தத் துருத்தி வேலை வெளியே தெரியாது. ஏதோ ஒன்று அதைத் தடுக்கும்போது வயிற்றுத் தசைகளும் சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பு வாலில் தெரியும்.

நன்றாகப் பறந்துவிட்டு வந்து உட்கார்ந்த கிளிக்கும் வால் ஆடும். ஓடிவிட்டு வந்த நமக்கு மூச்சு வாங்குவதுபோல. சில நிமிடத்தில் அடங்கிவிடும். நண்பகல் வெயில் விழும் சன்னலோரம் கூண்டு இருந்தால், கிளி வாயைத் திறந்து, சிறகை உடலிலிருந்து சற்றே விலக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும். கிளிக்கு வியர்க்காது, இப்படித்தான் சூட்டை வெளியேற்றும். நிழலுக்கு மாற்றித் தண்ணீர் வைத்தால் சரியாக வேண்டும். சரியாகாவிட்டால், அல்லது ஓய்வாக இருக்கும்போதே வால் ஏறி இறங்கினால், காத்திருக்க நேரமில்லை.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை மிளகின் வால் அப்படித்தான் ஏறி இறங்கியது. தம்பி கணினியில் பாட்டுப் போட்டிருந்தான். “மிளகு டான்ஸ் ஆடுது” என்று சிரித்தான். பாட்டி மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூண்டருகே போய் நின்றார். பாட்டி கிளியைப் பற்றி எந்தப் புத்தகமும் படித்தவர் அல்லர். ஆனால் நாங்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் போன பிறகு பகல் முழுவதும் மிளகோடு வீட்டில் இருப்பவர் அவர்தான். “இது இந்த நேரத்துல மேல் குச்சியிலதானே இருக்கும் கண்ணு? இன்னிக்கு மத்தியானத்துலருந்து கீழயே உட்கார்ந்திருக்கு. காலையும் அகட்டி வெச்சிருக்கு பாரு” என்றார்.

வால், தரையில் உட்காருதல், கால் அகட்டல். நான் மூன்றையும் ஒரு நிமிடம் பார்த்தேன். இறகு உப்பியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது. இரண்டு மூன்று மூச்சுக்கு ஒரு முறை உடலை முக்குவதுபோல் ஒரு அசைவு. பிறகு எடை எழுதி வைத்த தாளைப் பார்த்தேன். கிளி நோயுற்றால் எடை குறையும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மிளகின் எடை இரண்டு நாளில் 92லிருந்து 97க்கு ஏறியிருந்தது.

மிளகு பெண் கிளி. காக்கட்டீல் முட்டை ஒன்று ஏறக்குறைய 5 கிராம் இருக்கும்.

வாங்கிய விலையும் வைத்தியச் செலவும்

ஆண் துணை இல்லாமலே பெண் கிளி முட்டையிடும். நாம் சாப்பிடும் கோழி முட்டையும் பெரும்பாலும் அப்படி வருவதுதான். முட்டை இடுவது நோயல்ல. இட முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்வதுதான் ஆபத்து. சிக்கிய முட்டை காற்றுப் பைகளை அழுத்தும். அதனால்தான் நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லாத கிளிக்கும் வால் ஏறி இறங்குகிறது. காலுக்குப் போகும் நரம்பையும் முட்டை அழுத்தலாம். கிளி குச்சியில் நிற்க முடியாமல் தரைக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் உயிர் போகலாம்.

அன்று வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதமும் நடந்தது. விருந்துக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், “டாக்டர் செலவுக்கு ரெண்டு புதுக் கிளி வாங்கிடலாமே” என்றார். கணக்கு என்னவோ சரிதான். இரவு நேரப் பரிசோதனை, ஊடுகதிர்ப் படம், ஊசி, ஒரு நாள் தங்கல் எல்லாம் சேர்ந்து மிளகை வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. என் பகுதிநேர வேலைச் சம்பளமும் அப்பாவின் பணமும் சேர்ந்து அதைக் கட்டின. செல்லப்பிராணி வாங்க நினைக்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்: கடையில் எழுதியிருக்கும் விலை கிளியின் விலை அல்ல. காக்கட்டீல் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுக்கு மேலும் இருக்கும். நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் வாங்கும் கிளி, உங்கள் கல்யாணத்துக்கும் வந்து நிற்கலாம்.

மருந்தகத்தில் மருத்துவர் முதலில் கிளியைத் தொடவில்லை. கூண்டை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை எண்ணுகிறார் என்பது பிறகுதான் புரிந்தது. “வீட்டில் எடுத்த காணொளி இருக்கிறதா?” என்று கேட்டார். புது இடத்தில் கிளி நடிக்கும் என்றார். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. காட்டில் கழுகுக்கும் பாம்புக்கும் இரையாகும் உயிரினம் அது. நோஞ்சானாகத் தெரிந்தால் முதலில் பிடிபடும். அதனால் உடல் முடியாதபோதும் முடிந்தவரை நிமிர்ந்து உட்கார்ந்து காட்டும். நாம் கண்டுகொள்ளும் நேரத்தில் நோய் பெரும்பாலும் பல நாள் பழையதாக இருக்கும்.

படத்தில் முட்டை வெள்ளையாகத் தெரிந்தது. மிளகை வெதுவெதுப்பான, ஈரப்பதமுள்ள பெட்டியில் வைத்து, சுண்ணாம்புச்சத்து ஊசி போட்டு, திரவமும் கொடுத்தார்கள். சுண்ணாம்புச்சத்து முட்டை ஓட்டுக்கு மட்டும் தேவை என்று நினைத்திருந்தேன். முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்குவதற்கும் அதுதான் வேண்டும். தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே தின்னும் கிளிக்கு அது போதிய அளவு கிடைக்காது. மறுநாள் காலை முட்டை வெளியே வந்துவிட்டது என்று தொலைபேசி வந்தது. பாட்டி பூசையறையில் ஒரு விளக்கு ஏற்றினார். சாம்பிராணி மட்டும் போடவில்லை. காரணம் கீழே வருகிறது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முட்டை சிக்கிய கிளியின் வயிற்றை வீட்டில் பிசையவோ, எண்ணெய் தடவி அமுக்கவோ கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் நிலைமை மோசமாகும். சூடாக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போவதுதான் நாம் செய்யக்கூடியது.

முட்டையிடத் தூண்டுவது எது என்ற பேச்சும் அங்கேதான் நடந்தது. பதிலில் மாணவர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. நீண்ட வெளிச்சம் பறவைக்கு இனப்பெருக்கக் காலத்தின் அறிகுறி. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். ஆனால் தேர்வு நேரத்தில் நம் வீவக வீட்டுக் கூடத்தில் பகல் நள்ளிரவுவரை நீளும். கிளிக்கு இரவு 10 முதல் 12 மணி நேர இருட்டு வேண்டும். இப்போது இரவு ஏழரைக்குக் கூண்டு படுக்கையறைக்குப் போய்விடும், மேலே ஒரு துணி. இன்னொரு தூண்டுதல் தடவுவது. தலையையும் கழுத்தையும் மட்டும் வருடலாம். முதுகில் தடவுவதை, கிளி இணை சேர அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். பெண் கிளி உடலைத் தாழ்த்தி, வாலை உயர்த்தி, மெல்லிய குரலில் கீச்சிட்டு நிற்பதைப் பலர் “கொஞ்சுகிறது” என்று காணொளி எடுத்துப் போடுகிறார்கள். அதுவும் கட்டில் அடியிலும் அலமாரிக்குள்ளும் இருட்டு மூலை தேடி நுழைவதும் சேர்ந்து வந்தால், முட்டைக்கான ஏற்பாடு தொடங்கிவிட்டது என்று பொருள்.

சமையலறைப் புகை, நள்ளிரவுப் பயம்

வால் ஆடுவதற்கு முட்டை ஒரு காரணம்தான். ஆண் கிளிக்கும் வால் ஆடும். மூச்சுக்குழாயில் தொற்று, பூஞ்சை, ஈரல் வீக்கம், எல்லாம் அதே வாலைத்தான் ஆட்டும். தும்மலோ மூக்கில் ஒழுக்கோ குரல் மாறுவதோ சேர்ந்திருந்தால் தொற்றாக இருக்கலாம்.

நம் வீடுகளுக்கே உரிய காரணம் புகை. காற்றை அவ்வளவு திறமையாக உறிஞ்சும் நுரையீரல், காற்றிலுள்ள நஞ்சையும் அதே திறமையோடு உறிஞ்சும். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் நச்சுவாயுவைக் கண்டறிய 1986வரை கேனரிப் பறவைகளைக் கொண்டுபோனது இதனால்தான். மனிதனுக்கு மயக்கம் வருமுன் பறவை சாய்ந்துவிடும். ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அடுப்பில் காலியாகக் காய்ந்தால் அதிலிருந்து வரும் வாயு நமக்கு மணம்கூடத் தெரியாது. அதே வீட்டிலுள்ள கிளி சில நிமிடத்தில் தள்ளாடி, வாய் பிளந்து, இறந்துபோகும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாமே தொல்லைதான். புகைமூட்டம் வரும் மாதங்களில் நாங்கள் கூண்டைச் சன்னலிலிருந்து தள்ளி வைக்கிறோம். பூசையறை எங்கள் வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் இருப்பதால் மிளகு கடைசி அறைவாசி ஆனது.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பது, தள்ளாடுவது, குச்சியிலிருந்து விழுவது, கால் இழுத்துக்கொள்வது, வலிப்பு ஆகியவற்றுக்கு “பொறுத்துப் பார்ப்போம்” என்ற பேச்சே வேண்டாம். ஈயமும் துத்தநாகமும் பொதுவான காரணங்கள். பழைய திரைச்சீலையின் அடியில் தைத்திருக்கும் எடைகள், தூண்டில் குண்டுகள், மலிவான கூண்டின் பூச்சு, பொம்மையில் தொங்கும் கொக்கி என எதையும் கிளி கடித்துப் பார்க்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து குறைந்தாலே வலிப்பு வரும். (அந்தக் கிளி 2017 முதல் அனைத்துலக வணிகத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. யாராவது ஆவணம் இல்லாமல் விலை மலிவாகத் தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள்.)

காக்கட்டீல் வளர்ப்பவர்கள் அறிய வேண்டிய இன்னோர் அசைவு இரவில் நடக்கும். நல்ல தூக்கத்தில் திடீரென்று கூண்டுக்குள் சிறகடித்து, கம்பிகளில் மோதி, இறகு பறக்க ஒரு களேபரம். பார்ப்பவருக்கு வலிப்பு மாதிரியே இருக்கும். இடி, பல்லியின் நிழல், கீழே போகும் காரின் வெளிச்சம் ஏதோ ஒன்று எழுப்பிவிட்டிருக்கும். இருட்டில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பீதி அது. கையை உள்ளே விடாமல், விளக்கைப் போட்டு, மெல்லிய குரலில் பேசினால் அடங்கும். பிறகு சிறகிலிருந்து இரத்தம் வருகிறதா என்று பாருங்கள். இந்தக் கிளிகளுக்கு மட்டும் முழு இருட்டு வேண்டாம், ஒரு சின்ன இரவு விளக்கு உதவும். வலிப்பு அப்படி அல்ல. குரலுக்குப் பதில் இருக்காது, முடிந்த பிறகும் சிறிது நேரம் கிளி மந்தமாக இருக்கும்.

நோயே இல்லாத ஒரு கெட்ட அசைவும் உண்டு. கூண்டின் ஒரே பக்கத்தில் அதே நான்கு அடி நடை, அதே இடத்தில் திரும்பல், அதே தலைச்சுழற்றல், மணிக்கணக்காக. இது சலிப்பு. மண்டாயில் உள்ள பேர்ட் பேரடைசுக்கு அடுத்த முறை போகும்போது, பெரிய கிளிகள் ஒரு மணி நேரத்தில் எத்தனை வெவ்வேறு வேலை செய்கின்றன என்று பாருங்கள். மரப்பட்டையை உரிக்கும், தலைகீழாகத் தொங்கும், பக்கத்துக் கிளியிடம் வம்புக்குப் போகும். பிறகு உங்கள் வீட்டுக் கூண்டில் ஒரு குச்சியும் ஒரு மணியும்தான் இருக்கின்றனவா என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு மருந்து பெரும்பாலும் ஒரு காகிதப்பை, உள்ளே மறைத்துவைத்த நாலு விதை, தினமும் கூண்டுக்கு வெளியே சில மணி நேரம்.

எதை எழுதி வைப்பது

பாட்டியிடம் இருந்த திறமை, மிளகின் வழக்கம் தெரிந்திருந்தது. எந்த நேரத்தில் எந்தக் குச்சி, எவ்வளவு சத்தம், குளித்தால் எப்படி உதறும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பகலில் வீட்டில் இல்லாத நமக்கு அதை எழுதித்தான் வைக்க வேண்டும். நான் வைத்திருப்பது ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம். தேதி, எடை, தீனி எவ்வளவு மிச்சம், ஏதாவது புதிய அசைவு. அவ்வளவுதான். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. 92 கிராம் கிளிக்கு அது 9 கிராம், கையில் தூக்கிப் பார்த்தால் தெரியவே தெரியாது. மாதம் ஒரு முறை, கிளி நன்றாக இருக்கும்போது, தூங்கி வழியும் நேரத்தில் ஒரு நிமிட மூச்சை எண்ணிக் குறித்து வைக்கிறேன். நோய் வந்த பிறகு எண்ணினால் எதோடு ஒப்பிடுவது?

காணொளி எடுக்கும்போது கிளியின் முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுக்காதீர்கள். எனக்கு வரும் காணொளிகளில் பாதி அப்படித்தான் வருகிறது. வால் நுனியிலிருந்து கொண்டைவரை, பக்கவாட்டில், குறைந்தது ஒரு நிமிடம். சிறகு மூடியிருக்கிறதா, கால் எப்படி வைத்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறதா என்பது அதில் தெரிய வேண்டும். பாட்டையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுங்கள், மூச்சுச் சத்தம் கேட்க வேண்டும். நீங்களும் “என்னடா செல்லம்” என்று பேசிக்கொண்டே எடுக்காதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் கிளி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

சிங்கப்பூரில் எல்லா விலங்கு மருந்தகங்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. நாயும் பூனையும் மட்டும் பார்க்கும் இடங்கள் நிறைய. பறவை பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார், இரவில் யார் இருப்பார் என்பதைக் கிளி நன்றாக இருக்கும்போதே தொலைபேசியில் கேட்டு, எண்ணைக் குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டி வையுங்கள். போகும்போது கூண்டின் அடியில் விரித்திருந்த தாளையும் அப்படியே மடித்து எடுத்துப் போங்கள். எச்சத்தின் நிறமும் அளவும் மருத்துவருக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிடும். எங்கள் வீட்டில் அதற்கு எந்த நாளிதழை விரிக்கிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.